கவிஞருக்குச் சரிசமமாய் நின்ற மேடைக் கலைஞர் இனிகோ ஜோன்ஸ்

நாடகம் பார்த்துவிட்டு மண்டபத்தை விட்டு வெளியே வரும்போது நாம் யாரைப் பற்றிப் பேசுகிறோம்? நடித்தவர்களைப் பற்றிப் பேசுவோம். கதை வசனம் எழுதியவரைப் பற்றியும் ஓரிரு வார்த்தை சொல்வோம். மேடையில் நின்ற அரண்மனையை வரைந்தவர் யார், கதாநாயகியின் உடைக்கு அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. நிகழ்ச்சி நிரலிலும் அவர்கள் அனைவரும் ‘மேடை அலங்காரக் குழு’ என்ற ஒரே வரிக்குள் அடங்கிவிடுவார்கள். ஆள் பாதி ஆடை பாதி என்று பழமொழி சொல்லத் தெரிந்த நாம், அந்த மறுபாதிக்கு உழைத்தவர்களை எளிதாக மறந்துவிடுகிறோம்.

ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன் இலண்டனில் வாழ்ந்த ஒருவர் இந்த மறதியை ஏற்றுக்கொள்ள மறுத்தார். மேடைக்குக் காட்சி அமைப்பவனும் அந்தப் படைப்பின் ஆசிரியனே என்பது அவர் கட்சி. அதற்காக அக்காலத்தின் மாபெரும் கவிஞர் ஒருவரோடு மோதினார், வெற்றியும் பெற்றார். அவர்தான் இனிகோ ஜோன்ஸ். கட்டடக்கலை பயிலும் நண்பர்கள் இந்தப் பெயரை நன்கு அறிந்திருப்பார்கள். பழைய ரோமானிய இலக்கணப்படி இங்கிலாந்தில் கட்டடங்கள் எழுப்பிய முன்னோடி என்று அவர்களுடைய பாடநூல்கள் அவரைப் போற்றுகின்றன. ஆனால், கல்லில் கட்டத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் மரத்தட்டியிலும் துணியிலும் அரண்மனைகள் கட்டிக்கொண்டிருந்தார். என் ஆர்வம் அந்தத் தட்டி அரண்மனைகளின் மீதுதான்.

இனிகோ 1573ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் இலண்டனின் ஸ்மித்ஃபீல்டு பகுதியில் உள்ள தேவாலயத்தில் திருமுழுக்குப் பெற்றார். தந்தையின் பெயரும் இனிகோ ஜோன்ஸ்தான். அவர் துணித் தொழிலாளி, வசதி இல்லாதவர். சிறுவன் இனிகோ ஒரு தச்சரிடம் வேலை பழகினான் என்று பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார்கள். எப்படி இருந்தாலும், முப்பது வயது வரை அவரைப் பற்றிய ஆவணங்கள் மிகச் சொற்பம். 1603ஆம் ஆண்டு ரட்லாந்து பிரபுவின் வீட்டுக் கணக்கில், பத்து பவுண்டு பெற்றுக்கொண்ட படம் வரைபவர் என்று அவர் பெயர் தலைகாட்டுகிறது. அதற்குள் அவர் இத்தாலிக்குப் போய் வந்திருந்தார். டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்தியனிடமும் பணிபுரிந்ததாகக் கூறுவர். அந்த மன்னரின் அக்காள் ஆன், அதே 1603இல் தம் கணவர் முதலாம் ஜேம்சுடன் இங்கிலாந்தின் அரியணை ஏறினார். துணித் தொழிலாளியின் மகனுக்கு அரண்மனைக் கதவு அந்த வழியாகத்தான் திறந்திருக்க வேண்டும்.

அன்றைய இலண்டனில் நாடகக் கொட்டகைகளுக்குக் குறைவில்லை. ஷேக்ஸ்பியர் உயிரோடு எழுதிக்கொண்டிருந்த காலம் அது. ஆனால், அந்தக் கொட்டகைகளில் வரைந்த சீன் கிடையாது. பகல் வெளிச்சத்தில் வெறும் பலகை மேடை. நடிகன் வந்து இது காடு என்றால் காடு, கடற்கரை என்றால் கடற்கரை. நம் தெருக்கூத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. இத்தாலியின் நிலைமை வேறு. அங்கே பிரபுக்களின் அரண்மனைகளில் ஓவியர்களும் தச்சர்களும் சேர்ந்து, தெரு நீண்டு செல்வது போலவும் மேகம் கீழிறங்குவது போலவும் மேடையிலேயே காட்டிக்கொண்டிருந்தார்கள். இனிகோ அங்கிருந்து கொண்டு வந்தது இந்த வித்தையைத்தான்.

அதை அவர் காட்டிய இடம் ‘மாஸ்க்’ என்ற அரண்மனைக் கலைநிகழ்ச்சி. அதில் பாட்டு, கவிதை, நடனம், கண்காட்சி எல்லாம் கலந்திருக்கும். வசனம் பேசுவதற்குத் தொழில்முறை நடிகர்கள். வேடமிட்டு ஆடுவதற்கு அரசியாரும் பிரபுக்களின் மனைவிமார்களும். பெரும்பாலும் ஒரே ஒரு இரவு. மறுநாள் எல்லாவற்றையும் பிரித்துப்போட்டுவிடுவார்கள். கிறிஸ்துமஸ் விழாக்காலத்தின் கடைசி நாளான ஜனவரி 6ஆம் தேதி இதற்குப் பெயர்போன நாள்.

1605ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் இரவு ஒயிட்ஹால் அரண்மனையில் அரங்கேறிய ‘கருமையின் மாஸ்க்’தான் இனிகோவின் முதல் பெரிய வாய்ப்பு. கவிதை எழுதியவர் பென் ஜான்சன். காடும் வேட்டையும் வரைந்த திரை ஒன்று கீழே விழுந்ததும், அதன் பின்னால் அலைகள் அசைவது போன்ற கடல் தெரிந்தது. கடலின் மேல் முத்துச்சிப்பி போன்ற ஒரு பெரிய ஓடு மிதந்து வந்தது. அதற்குள் நீலமும் வெள்ளியுமாக உடுத்தி அரசியாரும் பதினொரு சீமாட்டிகளும் அமர்ந்திருந்தார்கள். முகத்திலும் முழங்கை வரை கைகளிலும் கறுப்பு மை. அவர்கள் ஆப்பிரிக்காவின் நைஜர் ஆற்றின் புதல்விகளாம். வெள்ளையாக மாறுவதற்கு வழி தேடி பிரிட்டன் தீவுக்கு வருகிறார்களாம். சுமார் 3,000 பவுண்டு செலவானதாகக் கணக்கு.

கறுப்பாகப் பிறந்தது ஒரு குறை, அதைத் தீர்ப்பதற்கு ஒரு வெள்ளை மன்னனின் ஒளி வேண்டும் என்பதுதான் கதையின் அடித்தளம். இன்றும் முகம் வெளுக்கும் களிம்பு விளம்பரங்களைப் பார்த்து வளரும் நமக்கு இந்தக் கதை அவ்வளவு அந்நியமானது அன்று. அவையிலிருந்த ஒரு பிரமுகருக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் அவர் வருந்தியது வேறொன்றுக்காக. அழகிய சீமாட்டிகள் இப்படி அலங்கோலமாகக் காட்சியளித்துவிட்டார்களே என்று கடிதத்தில் புலம்பியிருக்கிறார். உடையும் ஒப்பனையும் வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்கள் இந்த நிகழ்ச்சியைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். ஒரு வசனம்கூடப் பேசாத அந்தப் பன்னிரண்டு பெண்களின் கறுப்பு மைதான் அன்றைய கதையையே சொன்னது.

அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் மன்னர் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு வருகை புரிந்தார். அங்கே கிறைஸ்ட் சர்ச் கல்லூரி மண்டபத்தில் நாடகங்களுக்கு மேடை அமைக்கும் பொறுப்பு இனிகோவிடம் வந்தது. முக்கோண வடிவத் தூண்களின் மூன்று பக்கங்களிலும் மூன்று வேறு காட்சிகளை வரைந்து, தூணைத் திருப்பியவுடன் இடம் மாறும்படி செய்தார். பழைய ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தம் நூலில் சொல்லியிருந்த உத்தி இது. ஆனால் சிக்கல் வேறிடத்தில் முளைத்தது. மன்னரின் ஆசனத்தைக் காட்சி சரியாகத் தெரியும் இடத்தில் போட்டிருந்தார்கள். அப்படிப் போட்டால் கூட்டத்தினருக்கு மன்னரின் கன்னம் மட்டும்தானே தெரியும் என்று அரசவை அதிகாரிகள் ஆட்சேபித்தார்கள். ஆசனம் பின்னுக்கு நகர்ந்தது. மன்னருக்கு வசனம் சரியாகக் கேட்காமல் போனது! கேம்பிரிட்ஜிலிருந்து வந்து பார்த்த ஒருவர், இனிகோவுக்கு ஐம்பது பவுண்டு கொடுத்தும் எதிர்பார்த்த அளவுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று குறித்து வைத்தார். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி இன்று நேற்று தோன்றியது அன்று போலும்.

ஆசனத்தை ஒட்டி எழுந்த இந்தத் தகராறு சிரிப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் இனிகோவின் கலையின் மையமே அந்த ஆசனம்தான். தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரியும், இணைகோடுகள் தொலைவில் ஒரே புள்ளியில் கூடுவது போலத் தோன்றும். ஓவியர்கள் ‘பெர்ஸ்பெக்டிவ்’ என்று கூறும் இந்த முறையை மேடைக்குக் கொண்டுவரும்போது தரை பின்னோக்கிச் சற்று உயர வேண்டும். இரு பக்கத் தட்டிகளும் உள்ளே போகப் போகச் சிறுத்து நெருங்க வேண்டும். வீடுகளின் கூரைக்கோடு சரிய வேண்டும். இத்தனையும் சரியாக இருந்தாலும் மண்டபத்தில் ஒரே ஓர் இருக்கையிலிருந்து பார்த்தால்தான் காட்சி முழுமையாக இருக்கும். அந்த இருக்கை மன்னருக்கு உரியது. அவரை விட்டு விலக விலக வீடுகள் கோணும், தூண்கள் சாயும். ஒருவரின் அந்தஸ்தை அவருக்குக் கிடைத்த காட்சியைக் கொண்டே அளந்துவிடலாம். நம் மண்டபங்களில் பிரமுகர்களுக்கு முன்வரிசை ஒதுக்குகிறோமே, அதைக் கணக்கும் கோடுமாகவே வரைந்து வைத்தவர் இனிகோ.

அடுத்த சில ஆண்டுகளில் அவருடைய கைத்திறன் மளமளவென்று வளர்ந்தது. 1609ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அரங்கேறிய ‘அரசியரின் மாஸ்க்’கில் சூனியக்காரிகள் ஆடிக்கொண்டிருந்த நரகம் ஒரே கணத்தில் மறைந்து, புகழின் மாளிகை தோன்றியது. 1611ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் இளவரசர் ஹென்றிக்காக அமைத்த ‘ஓபரான்’ காட்சியில் பாறைகள் இரண்டாகப் பிரிந்து விலகின. உள்ளே விளக்கொளி ஊடுருவும் ஒரு மாளிகை. அதற்குள்ளிருந்து இரண்டு வெள்ளைக் கரடிகள் இழுக்கும் தேர். தரையில் பள்ளக் கோடுகள் வெட்டி, அவற்றின் மேல் தட்டிகளை இருபுறமும் இழுத்துவிடுவதுதான் இதன் இரகசியம். கதவைத் தள்ளித் திறப்பது போன்ற எளிய வேலை. ஆனால் எல்லாத் தட்டிகளும் ஒரே நொடியில் நகர்ந்தாக வேண்டும். அந்த நொடியில் பார்வையாளரின் கண்ணை வேறு பக்கம் திருப்ப இசையும் உதவ வேண்டும்.

உடையலங்காரத்திலும் அதே ஒழுங்குதான். வேடத்திற்கு ஒரு படம் என்று பேனாவால் வரைந்து, மெல்லிய வண்ணம் பூசுவார். ‘அரசியரின் மாஸ்க்’கில் பன்னிரண்டு அரசியர். ஆன் அரசியார் தவிர மற்ற ஒவ்வொருவரும் வரலாற்றிலோ புராணத்திலோ வந்த அரசி. பெட்ஃபோர்டு சீமாட்டி லூசி ஏற்றது போர்க்களத்து அமேசான் அரசி பெந்தசிலேயா வேடம். அதற்கு வாளும் தலைக்கவசமும் உண்டு. பன்னிரண்டு பேரும் சேர்ந்து நின்றால் ஒரே குழுவாகத் தெரிய வேண்டும். தனித்துப் பார்த்தால் யார் யார் என்பதும் விளங்க வேண்டும். குழு நடனத்துக்கு உடை தேடி அலைந்த எவருக்கும் இதிலுள்ள சிரமம் தெரியும்.

இந்த உடைகளை எல்லாம் பார்க்கப்போவது மெழுகுவத்தி வெளிச்சத்தில் என்பதையும் மறந்துவிடக்கூடாது. அக்கால அறிஞர் பிரான்சிஸ் பேக்கன், மாஸ்க் நிகழ்ச்சிகளைப் பற்றி 1625இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு நல்ல குறிப்புகள் தந்திருக்கிறார். மெழுகுவத்தி ஒளியில் எடுப்பாகத் தெரிபவை வெள்ளை, இளஞ்சிவப்பு, கடல்நீர்ப் பச்சை ஆகிய நிறங்களாம். பளபளக்கும் சில்லுகளைத் தைத்தால் செலவும் குறைவு, மின்னலும் அதிகம். விலையுயர்ந்த பூவேலைப்பாடு தூரத்தில் தெரியாமல் வீணாகிவிடும் என்கிறார். ஜிகினா ஒட்டி மேடையேறிய நம் அனுபவமும் அதையே சொல்கிறது அல்லவா?

இத்தனைக்கும் கூலி எவ்வளவு? 1611ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றின் கணக்கு கிடைத்திருக்கிறது. கவிஞர் பென் ஜான்சனுக்கு 40 பவுண்டு. இனிகோவுக்கும் அதே 40 பவுண்டு. நடன ஆசிரியருக்கு 50 பவுண்டு! கவிஞரும் மேடைக் கலைஞரும் சமம் என்று கணக்குப்பிள்ளை அன்றே எழுதிவிட்டார். பிற்பாடு நடந்த சண்டைக்கு அதுவே விதை என்றும் சொல்லலாம்.

1612இல் இளவரசர் ஹென்றி பதினெட்டு வயதில் இறந்துபோனார். இனிகோ அவரிடம் கட்டட மேற்பார்வையாளராக இருந்தவர். வேலை போனது. மறு ஆண்டு அருண்டெல் பிரபுவின் பயணக் குழுவில் சேர்ந்து மீண்டும் இத்தாலிக்குப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது நாற்பது. நாட்டில் பேர்பெற்ற கலைஞர். ஆனாலும் இந்த இரண்டாவது பயணத்தை அவர் ஒரு மாணவரைப் போலவே மேற்கொண்டார். கட்டடக் கலைஞர் பல்லாடியோவின் நூலைக் கையில் எடுத்துக்கொண்டு, அதிலுள்ள படங்களை நேரில் நிற்கும் கட்டடங்களோடு ஒப்பிட்டு, பக்க ஓரங்களிலெல்லாம் குறிப்பெழுதினார். அந்தப் பிரதி இன்றும் ஆக்ஸ்ஃபோர்டில் வூஸ்டர் கல்லூரி நூலகத்தில் இருக்கிறது. விசென்சா நகரில் பல்லாடியோ வடிவமைத்த ஒலிம்பிகோ அரங்கத்தையும் பார்த்தார். 1585இல் திறக்கப்பட்ட அந்த அரங்கின் வாயில்களுக்குப் பின்னால், பல்லாடியோவுக்குப் பின் வந்த ஸ்கமோஸி மரத்தால் தெருக்களை அமைத்திருந்தார். சில அடி ஆழமுள்ள அந்தத் தெருக்கள் நெடுந்தூரம் ஓடுவது போலத் தோன்றும். முதுமையில் இருந்த ஸ்கமோஸியையும் 1614இல் நேரில் சந்தித்துப் பேசினார் இனிகோ. மனித உடம்பை வரைவதற்கும் இந்தப் பயணத்தில்தான் முறையாகப் பயின்றார். பயணத்துக்கு முன் வரைந்த உடைப் படங்களில் உருவங்கள் விறைப்பாக நிற்கும். பின்னால் வரைந்தவற்றில் துணிக்குள் ஓர் உடம்பு இருப்பது தெரியும்.

நாடு திரும்பியதும் 1615இல் அவர் அரச கட்டடங்களின் தலைமை மேற்பார்வையாளரானார். 1619 ஜனவரியில் மாஸ்க் நடக்கும் பழைய விருந்து மண்டபம் தீப்பிடித்து எரிந்தது. அதே இடத்தில் 1622க்குள் இனிகோ எழுப்பிய புதிய மண்டபம் இன்றும் ஒயிட்ஹாலில் நிற்கிறது. நீளம் 110 அடி, அகலம் 55 அடி, உயரம் 55 அடி. இரண்டு கனசதுரங்களைச் சேர்த்து வைத்த கணக்கு. செலவு 15,000 பவுண்டுக்குச் சற்று அதிகம். இந்தத் தொகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தச் சண்டைக்கு வருவோம். பென் ஜான்சன் செங்கல் கொத்தனார் ஒருவரின் வளர்ப்பு மகன். இனிகோவைப் போலவே பல்கலைக்கழகத்தில் மாணவராக அடியெடுத்து வைக்காதவர். இரண்டு ஏழை வீட்டுப் பிள்ளைகள் அரசவையில் கால் நூற்றாண்டு இணைந்து பணிபுரிந்தார்கள். ஆனால் ஜான்சனின் கொள்கையில் கவிதை உயிர், காட்சி உடல். உடல் மறுநாளே அழிந்துவிடும், கவிதை அச்சில் நிலைக்கும். இனிகோவோ ஓவியமும் கட்டடமும் கவிதைக்கு இணையான அறிவுத் துறைகள் என்று நம்பினார். 1631இல் மாஸ்க் நூல் ஒன்று அச்சாகி வந்தபோது, படைத்தவர்கள் என்று இருவர் பெயரும் இருந்தன. முதலில் ஜான்சன், அடுத்து இனிகோ. அந்த வரிசை இனிகோவுக்குப் பொறுக்கவில்லை.

பெயர் வரிசைக்காகவா இவ்வளவு பெரிய பகை என்று கேட்கத் தோன்றும். ஆனால் மரியாதையை அளப்பதற்கு அந்த வரிசையை விட்டால் அவருக்கு வேறு என்ன இருந்தது? அவர் கட்டியவை எல்லாம் விடிந்ததும் பிரிக்கப்பட்டுவிட்டன. ஜான்சன் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 1628இல் பக்கவாதம் தாக்கிப் படுக்கையில் கிடந்தவர் அவர். இந்தச் சண்டைக்குப் பின் அரண்மனை மாஸ்க் எழுதும் வாய்ப்பு அவருக்கு வரவே இல்லை. ஆத்திரத்தில் இனிகோவைக் கிழிகிழியென்று கிழித்து ஒரு நீண்ட வசைக்கவிதை பாடினார்; 1633இல் ஒரு நாடகத்தில் அவரைக் கோமாளிப் பாத்திரமாகவே நுழைத்தார். இனிகோ முறையிட, தணிக்கை அதிகாரி அந்தப் பாத்திரத்தை வெட்டச் சொன்னார். அதிகாரத்தைக் கொண்டு ஒரு கவிஞரின் வாயை அடைத்த அந்தச் செயலில் இனிகோவின் பக்கம் நிற்க என்னால் முடியவில்லை. 1637இல் ஜான்சன் காலமானார்.

அதன் பின் இனிகோவுக்கு எழுதித் தந்த கவிஞர்கள் அவர் சொன்னபடி எழுதினார்கள். புதிய மன்னர் முதலாம் சார்ல்சும் பிரான்சிலிருந்து வந்த அரசியார் ஹென்ரியெட்டா மரியாவும் காட்சியில் பெரு விருப்பம் கொண்டவர்கள். அரசியாருக்காக வரைந்த ஓர் உடைப் படத்தின் அடியில் இனிகோ எழுதிய குறிப்பு கிடைத்திருக்கிறது. எதைக் கூட்டவும் மாற்றவும் வேண்டுமோ அரசியாரின் கட்டளைக்குக் காத்திருக்கிறேன் என்று மிகப் பணிவாகச் சொல்லிவிட்டு, பொன்னும் வெள்ளியும் கலந்த பலவகைப் பச்சைகளே இதற்குப் பொருத்தம் என்று தம் கருத்தையும் நுழைத்துவிடுகிறார்.

வெளியே மக்கள் மனம் புகைந்துகொண்டிருந்தது. பெண்கள் நடிப்பதையும் நாடகத்தையும் வன்மையாகக் கண்டித்து வழக்கறிஞர் வில்லியம் பிரின் ஆயிரம் பக்க நூல் ஒன்றை வெளியிட்டார். அரசியாரே நடிப்பவர் என்பதால் அது இராஜ நிந்தையாகக் கருதப்பட்டு, 1634இல் அவருடைய காதுகள் அறுக்கப்பட்டன. அதே ஆண்டு பிப்ரவரியில் வழக்கறிஞர் சங்கங்கள் தங்கள் விசுவாசத்தைக் காட்ட இனிகோவை வைத்து ‘சமாதானத்தின் வெற்றி’ என்ற மாஸ்க்கை நடத்தின. ஊர்வலத்தோடு சேர்த்து ஏறக்குறைய 21,000 பவுண்டு செலவு. விருந்து மண்டபத்தைக் கல்லால் கட்டி முடித்த செலவு நினைவிருக்கிறதா? அதைவிட அதிகமான பணம் இரண்டே இரவுகளில் கரைந்தது.

விருந்து மண்டபத்தின் கூரையில் ஓவியர் ரூபன்ஸ் தீட்டிய படங்கள் 1636இல் பதிக்கப்பட்டன. பந்தப் புகை படிந்து ஓவியம் கெட்டுவிடும் என்ற அச்சத்தால் அங்கே மாஸ்க் நடத்துவது நின்றது. மாஸ்க்குக்காகவே கட்டிய மண்டபம் மாஸ்க்குக்கு ஆகாமல் போக, பக்கத்தில் மரத்தால் தற்காலிகக் கொட்டகை ஒன்றைப் போட வேண்டியதாயிற்று. 1640 ஜனவரி 21ஆம் நாள் நடந்த கடைசி மாஸ்க்கில் மன்னரும் அரசியாரும் இருவருமே ஆடினார்கள். முதலில் புயலும் இடியும் கொண்ட காட்சி. மன்னரின் பொறுமையால் புயல் அடங்கி, வானம் திறந்து, மேகங்கள் நிறைய இசைவாணர்கள் இறங்கி வருவதோடு முடிந்தது. சொற்களை எழுதியவர் வில்லியம் டேவனன்ட். வெளியே இருந்த புயல் அடங்கவில்லை. 1642இல் உள்நாட்டுப் போர் மூண்டது. நாடகக் கொட்டகைகளையும் நாடாளுமன்றம் மூடிவிட்டது.

1645 அக்டோபரில் மன்னர் கட்சியின் கோட்டையாக இருந்த பேசிங் ஹவுஸ் குரோம்வெல்லின் படைகளிடம் வீழ்ந்தது. உள்ளே தஞ்சம் புகுந்திருந்தவர்களுள் எழுபத்திரண்டு வயது இனிகோவும் ஒருவர். படைவீரர்கள் அவருடைய உடைகளைக் களைந்துவிட்டதால், ஒரு போர்வையில் சுற்றி அவரைத் தூக்கி வந்தார்கள். அரசிகளுக்குப் பல ஆண்டுகள் உடை வரைந்த மனிதருக்கு நேர்ந்த கதி இது. 1649 ஜனவரி 30ஆம் நாள் முதலாம் சார்ல்ஸ் மன்னர் அதே விருந்து மண்டபத்தின் வழியாக நடந்து வெளியே வந்து, அதன் சுவரை ஒட்டிக் கட்டியிருந்த மேடையில் தலை வெட்டப்பட்டார். அந்தச் செய்தியை இனிகோ எப்படித் தாங்கினாரோ! அபராதம் செலுத்தி விடுதலை பெற்றிருந்த அவர், 1652 ஜூன் 21ஆம் நாள் சாமர்செட் மாளிகையில் காலமானார். மணம் செய்துகொள்ளாதவர். தாய் தந்தையர் புதைக்கப்பட்ட தேவாலயத்திலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள்.

அவருடைய தொழில் அவரோடு மடியவில்லை. மாணவர் ஜான் வெப், 1656இல் டேவனன்டின் ‘ரோட்ஸ் முற்றுகை’ என்ற இசை நாடகத்துக்குச் சீன் அமைத்தார். நாடகம் தடைசெய்யப்பட்டிருந்த காலம். ஆகவே ஒரு வீட்டுக்குள் இசை நிகழ்ச்சி என்ற பெயரில் நடத்தினார்கள். சுமார் 22 அடி அகலமும் 11 அடி உயரமுமான குறுகிய மேடை. பக்கத் தட்டிகளும் பள்ளக்கோட்டில் நகரும் பின் தட்டிகளும் அப்படியே குருநாதரின் முறை. காசு கொடுத்துப் பார்க்க வந்த பொதுமக்கள் அன்றுதான் அந்தக் காட்சிகளைக் கண்டார்கள். முடியாட்சி திரும்பியபின் டேவனன்டின் கொட்டகையில் அது நிலைபெற்றது. நூற்றாண்டுகள் கடந்து, ஆங்கிலேயர் பம்பாயிலும் கல்கத்தாவிலும் கட்டிய கொட்டகைகள் வழியாகப் படுதாவும் பக்கத் தட்டியும் இந்தியா வந்தன. அவற்றைப் பார்சி நாடகக் குழுக்கள் தமதாக்கிக்கொண்டன. அக்குழுக்களைப் பார்த்துத் தமிழ் நாடகக் கம்பெனிகள் படுதா கட்டின; பினாங்கு வரை அவர்கள் வந்து ஆடியதைப் பார்த்து இங்கே பங்சாவான் பிறந்தது. நம் தாத்தா பாட்டிகள் பார்த்து வியந்த அரண்மனைப் படுதாவுக்கும் காட்டுப் படுதாவுக்கும் இப்படி ஒரு நெடிய பரம்பரை உண்டு.

இனிகோவின் படங்கள் வெப்பின் கைக்குப் போய், பின்னர் பல கைகள் மாறி, டெவன்ஷயர் பிரபுக்களின் சாட்ஸ்வொர்த் மாளிகையைச் சேர்ந்தன. மாஸ்க் நிகழ்ச்சிகளுக்கு மட்டும் ஏறத்தாழ 450 படங்கள். சிலவற்றின் மேல் சிறு சிறு கட்டங்கள் போட்டிருக்கின்றன. தாளில் உள்ளதை ஆளுயரத் துணிக்குப் பெரிதாக்குவதற்காகப் போட்ட கட்டங்கள். சிலவற்றின் மேல் வண்ணச் சாந்து தெறித்திருக்கிறது. படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நிகழ்ச்சி தொடங்குவதற்குள் முடித்துவிட வேண்டுமென்று தட்டிக்கு வண்ணம் பூசிய யாரோ ஒரு வேலைக்காரரின் தூரிகையிலிருந்து சிந்திய துளிகள் அவை.